குடிநுழைவுச் சோதனையும் தமிழர் கடமையும்

குடிநுழைவு இலாகாவின் சோதனை ஒரு வட்டாரத்தில் நடந்து முடிந்த மறுநாள் காலையில், தேநீர்க் கடைகளிலும் பாசாரிலும் நம்மவர் பேசிக்கொள்ளும் பேச்சைக் கேட்க நமக்கு மனம் வருந்துகிறது. “பிடித்தது நல்லதாயிற்று” என்பார் ஒருவர். “இன்னும் நாலு லோரி கொண்டுவந்திருக்க வேண்டும்” என்பார் மற்றொருவர். இவ்வாறு பேசுவோர் கொடியவர்களல்லர். மகனுக்கு நல்ல வேலை கிடைக்கவில்லையே, வீட்டு வாடகை ஏறிக்கொண்டே போகிறதே என்ற கவலையில் உழல்கிறவர்கள். ஆயினும், கங்காணியின் கணக்குப் புத்தகத்தில் வெறும் பெயராய்க் கிடந்து, தோட்டத்து லயத்தில் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்து, பின் நகரத்துக்கு வந்த தமிழனுடைய வாயில் இந்தப் பேச்சு வரலாமா? இதைக் கேட்பதற்காகவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஒரு நாட்டுக்குள் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்பதை அறிய அந்நாட்டுச் சர்க்காருக்கு உரிமை உண்டு. சட்டம் வேண்டாமென்றோ எல்லை வேண்டாமென்றோ நாம் வாதிக்க வரவில்லை. இப்போது நடக்கும் சோதனை யாரைத் தண்டிக்கிறது, யாரைத் தப்பவிடுகிறது, அது நடக்கும் தெருவை என்ன செய்கிறது என்பவைதாம் நமது கேள்விகள்.

சோதனை எப்படி நடக்கிறதென்பதைப் புக்கிட் மெர்தாஜாம் வாசிகளுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஊர் உறங்கும் வேளையில் லோரிகள் வந்து நிற்கும். தெருவின் இரு முனைகளும் அடைக்கப்படும். கதவு தட்டப்படும், கைவிளக்கின் ஒளி முகத்தில் அடிக்கும். ஆணும் பெண்ணும் வரிசையாகத் தரையில் குந்தவைக்கப்படுவர். காகிதம் காட்டினவன் ஒரு பக்கம். காட்ட முடியாதவன் லோரிப் பக்கம். பொழுது விடியுமுன் காரியம் முடிந்துவிடும். நம் ஊருக்கு அருகே ஜூருவில் குடிநுழைவுத் தடுப்பு முகாம் இருப்பதை நாம் எல்லோரும் அறிவோம். இத்தனை பேர் சோதிக்கப்பட்டனர், இத்தனை பேர் பிடிபட்டனர் என்று பத்திரிகையில் இரண்டு வரி வரும். கணக்கு அத்துடன் தீர்ந்ததென்று எண்ணிவிடுகிறோம்.

கணக்குத் தீரவில்லை. மறுநாள் பாசாரில் மூட்டை இறக்க ஆளில்லை; சாப்பாட்டுக் கடையில் அடுப்பு எரிகிறது, ரொட்டி தட்ட ஆளில்லை. பெர்மிட்டு உள்ளவனுங்கூட அறையைவிட்டு வெளிவரவில்லை. அவனுடைய கடப்பிதழ் முதலாளியின் மேசைக்குள் பூட்டிக் கிடக்கிறது, கையிலிருப்பது அதன் நகலே. பிடிபட்டவனுக்குச் சேரவேண்டிய சம்பளம் யாரிடம் தங்கிற்று? அதைக் கேட்க யார் இருக்கிறார்? நிறைமாதக் கர்ப்பிணி ஆஸ்பத்திரிக்குப் போக அஞ்சுகிறாள். அவள் அச்சம் வீண் அச்சமன்று. காகிதமில்லாத அந்நியர் சிகிச்சைக்கு வந்தால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டுமென்று 2001-ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்குச் சுற்றறிக்கை விடுத்தது. இவையனைத்தினும் கேடானது ஒன்றுண்டு. சொல்லிக்கொடுத்தது யார் என்ற ஐயம் தெரு முழுதும் பரவிவிடுகிறது. வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரர் சொன்னாரா? சம்பளம் கொடுக்க மனமில்லாத முதலாளியே சொன்னாரா? நேற்றுவரை அடுத்த வீட்டுக்காரராயிருந்தவர் இன்று ஆள்காட்டியாகத் தோன்றுகிறார். ஒருவரையொருவர் நம்பாத வீடுகளின் வரிசைக்குத் தெரு என்று பெயரிருக்கலாம். ஊர் என்று பெயரில்லை.

“காகிதம் உள்ளவனுக்கு என்ன பயம்?” என்று கேட்பவர்களுக்கு 2003 மார்ச்சு மாதத்தை நினைவூட்டுகிறோம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் போலீசார் நடத்திய சோதனையில், கணினி வேலைக்கு முறையாக வந்திருந்தோர் உள்ளிட்ட இந்தியர் 200-க்கும் மேற்பட்டோர் பிடித்துக்கொண்டு போகப்பட்டனர்; பலர் விலங்கிடப்பட்டனர். இந்திய சர்க்கார் கண்டனம் தெரிவித்தது. நள்ளிரவில் கைவிளக்கு முதலில் தோலைத்தான் பார்க்கிறது. காகிதத்தைப் பிறகுதான் பார்க்கிறது. அந்த வெளிச்சத்தில் தைப்பிங்கில் பிறந்த தமிழனும் தஞ்சாவூரிலிருந்து நேற்று வந்த தமிழனும் ஒன்றே.

நிற்க, காகிதமில்லாதவன் எப்படி உண்டாகிறான் என்பதைப் பார்ப்போம். அப்படிப்பட்டவரெல்லாம் இரவோடிரவாகத் தோணியேறி வந்தவரல்லர். ஊரிலுள்ள நிலத்தை அடகு வைத்து ஏஜெண்டுக்குப் பணங்கட்டி, விமானத்தில் முறையாக வந்திறங்கியவர் பலர். வந்தபின் சொன்ன வேலை இல்லை. சொன்ன சம்பளமும் இல்லை. பெர்மிட்டோ ஒரே முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. அந்த முதலாளி அடித்தாலும், கூலி கொடாவிட்டாலும், கம்பெனியையே மூடிவிட்டாலும், அவனைவிட்டு வேறிடம் சென்ற கணமே தொழிலாளி சட்டவிரோதியாகி விடுகிறான். பிறர் கடப்பிதழை உரிமையின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். ஆனால் அக்குற்றத்தைச் செய்தவன் வீட்டுக் கதவை நள்ளிரவில் தட்டியவர் யார்?

சட்டத்தில் முதலாளிக்குத் தண்டனை இல்லாமலில்லை. 1959/63-ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டப்படி காகிதமின்றி நுழைந்தவனுக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, 2002-இல் செய்த திருத்தத்தால் ஆறு வரை பிரம்படி. அவனை வேலைக்கு வைத்த முதலாளிக்கு ஆளொன்றுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம். ஐந்து பேருக்கு மேல் வைத்திருந்தால் சிறையும் பிரம்படியுங்கூட உண்டு. ஏட்டில் இருவரும் சமம். நடப்பில் என்ன கண்டோம்? 2002 முதல் 2008 வரை 34,000-க்கும் மேற்பட்ட அந்நியர் பிரம்படி பட்டதாக 2009-இல் பாராளுமன்றத்திலேயே தெரிவிக்கப்பட்டது. பிரம்படி பட்ட முதலாளி ஒருவரையாவது தாம் கேள்விப்பட்டதுண்டா என்று நேயர்களே எண்ணிப் பார்க்கட்டும். எய்தவன் இருக்க அம்பை நோவதேன் என்பது நமது பழமொழி. எய்தவனுக்கு நாற்காலி போட்டு, அம்பை முறிப்பதே இங்கு நீதியாய் விட்டது.

இம்முறை தமிழருக்குப் புதிதன்று. 19-ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் திரளாகக் கொண்டுவரப்பட்டது வேறெங்குமல்ல, இதே செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத்தான். ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தைவிட்டுப் போவது அன்று குற்றம். ஓடினவன்மேல் வாரண்டு பிறக்கும். பிடித்துச் சிறையிலிடுவர். சிறையிலிருந்து மீண்டவன் மறுபடியும் அதே தோட்டத்தில் மிச்ச நாளைக் கழிக்கவேண்டும். கூலி கொடாத துரைக்கு வாரண்டு பிறந்தது அரிது. துரையை விட்டோடிய கூலிக்கு அது தவறியதில்லை. இந்த இழிவு பொறுக்கலாகாதென்று பலர் போராடியதன் பயனாக 1910-இல் அம்முறை நிறுத்தப்பட்டது. முதலாளியைவிட்டு நீங்குவதே குற்றமென்னும் அதே விதி, இன்று பெர்மிட்டு என்ற பெயரில் வங்காளதேசத்தான் மீதும் நேப்பாளத்தான் மீதும் பர்மாக்காரன் மீதும் ஏறியிருக்கிறது. நள்ளிரவுச் சோதனை அந்தப் பழைய வாரண்டேயன்றி வேறன்று. நமது பாட்டனைத் தேடிய வாரண்டைப் பார்த்து நாம் கைதட்டுவதா?

அது பாட்டன் காலத்துக் கதை என்று சிலர் சொல்லலாம். தந்தை காலத்துக்கு வருவோம். 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. குடியுரிமை இல்லாதவன் பெர்மிட்டு இன்றி வேலை செய்யலாகாதென்று 1969 முதல் அது நடைமுறைக்கு வந்தபோது, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டத் தமிழர் நடுத்தெருவில் நின்றனர். இங்கேயே பால்மரம் வெட்டி முதுகு கூனியவர்கள், குடியுரிமைத் தாளுக்கு மனுப் போடாததனாலோ, போட்டும் கிடைக்காததனாலோ, ஒரே நாளில் அந்நியராயினர். ஏறத்தாழ 60,000 பேர் அக்காலத்தில் இந்தியாவுக்குத் திரும்பினரென்று வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். இலங்கையிலோ 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் பல லட்சம் பேரை நாடற்றவராக்கியது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்த தமிழனைக் கள்ளத்தோணி என்று ஏசினர். அந்தச் சொல் நம்மீது விழுந்தபோது நெஞ்சு எரிந்தது. அதே சொல்லை மொழிபெயர்த்து ரோஹிங்கியாமீது வீசும்போது மட்டும் அது இனிக்கிறதா?

“அவர்கள் வந்ததால்தான் நமது கூலி குறைந்தது” என்ற வாதத்தைத் தோட்டத்திலும் கேட்கிறோம், தொழிற்சாலை வாசலிலும் கேட்கிறோம். இதை நாம் அலட்சியம் செய்யவில்லை. இதில் உண்மையான துயரம் இருக்கிறது. ஆனால் கூலியைக் குறைத்தது யார்? குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் 900 வெள்ளியாக வகுக்கப்பட்டு, 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. வீட்டு வேலைக்காரர் நீங்கலாக அந்நியத் தொழிலாளிக்கும் அது உரியதே. அந்நியனுக்கும் அதே கூலியைக் கொடுத்தே தீரவேண்டுமென்றால், நம் பிள்ளையை ஒதுக்கிவிட்டு அவனைத் தேடிப் போவதில் முதலாளிக்கு என்ன லாபம்? லாபம் அவன் அச்சத்தில் இருக்கிறது. “வாய் திறந்தால் இமிகிரேசனுக்குப் போன் செய்வேன்” என்ற ஒரே வாக்கியத்தால் 1,700 வெள்ளியை 1,000 வெள்ளியாக்கலாம். சோதனை பெருகப் பெருக அந்த வாக்கியத்துக்கு வலிமை பெருகும். அஞ்சினவன் மேலும் மலிவாவான். மலிவானவனோடு போட்டியிடும் நம் பிள்ளையும் மலிவாவான். ஆகவே சோதனை நமது கூலியைக் காக்கவில்லை, அதைக் கெடுக்கிறது.

நோயையும் பாதுகாப்பையும் காரணங் காட்டுவோரும் உண்டு. 2020-இல் கொரோனா பரவியபோது, காகிதமில்லாதவர்களும் அஞ்சாமல் பரிசோதனைக்கு வரலாமென்று மார்ச்சு மாதம் சர்க்கார் சொல்லிற்று. மே 1-ஆம் தேதியன்றே, கோலாலம்பூரில் நம்மவர் கடைகள் நிறைந்த மஸ்ஜிட் இந்தியா வட்டாரத்தில், முள்வேலியிட்டு அடைக்கப்பட்டிருந்த கட்டிடங்களிலிருந்து நூற்றுக்கணக்கானோர் பிடித்துச் செல்லப்பட்டனர். குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். அம்மாதம் முடியுமுன் புக்கிட் ஜாலில், செமினி, சிப்பாங் தடுப்பு முகாம்களில் அந்நோய் பரவியது. வாக்குத் தவறியதால் அடுத்த முறை யார் பரிசோதனைக்கு வருவார்? நோயை மறைக்கச் செய்வது சுகாதாரமாகுமா?

நம் வீட்டு வாசலுக்கு இன்னும் நெருங்கிய ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். 2022 ஏப்ரல் 20-ஆம் தேதி விடியுமுன், சுங்கை பாக்காப் தற்காலிகத் தடுப்பு முகாமிலிருந்து ரோஹிங்கியா மக்கள் 528 பேர் தப்பி ஓடினர். ஜாவிக்கு அருகே நெடுஞ்சாலையைக் கடக்கையில் அறுவர் வாகனங்களில் அடிபட்டு மாண்டனர். அவ்வறுவருள் இருவர் சிறு பிள்ளைகள். பிறந்த நாடே குடிகளென ஏற்காமல் துரத்திய மக்கள் அவர்கள். 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்நாடு கையெழுத்திடாததனால் இங்கும் அவர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. ஓடுகிற வாகனங்களுக்கு முன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாயத் துணிகிறவர்கள் எதிலிருந்து தப்பி ஓடினார்கள் என்று நம் வட்டாரத்தில் எத்தனை பேர் கேட்டோம்?

இனி நமது வீட்டுக் குப்பையையும் கிளறவேண்டியதுதான். சாப்பாட்டுக் கடை, முடிதிருத்தகம், ஜவுளிக் கடை, நகைப் பட்டறை ஆகிய நமது தொழில்கள் தமிழ்நாட்டிலிருந்து வரும் தொழிலாளரை நம்பியவை. முடிதிருத்தம், ஜவுளி, நகைத் தொழில் மூன்றுக்கும் 7,500 அந்நியத் தொழிலாளரை அனுமதிப்பதென்று 2023 செப்டம்பரில் சர்க்கார் இணங்கியபோது நாம் மகிழ்ந்தோம். மகிழ்ந்தது சரியே. ஆனால் அப்படி வந்த தம்பியின் கடப்பிதழைப் பெட்டியில் பூட்டுவதும், பதினான்கு மணி நேரம் வேலை வாங்குவதும், கடைக்கு மேலுள்ள அறையில் பத்துப் பேரை அடைப்பதும், ஊருக்குப் பணம் அனுப்பக் கேட்டால் “அடுத்த மாதம்” என்பதும் நம்மவருள் சிலர் செய்கிற காரியங்கள்தாமே? கணியன் பூங்குன்றனார் பாட்டை மேடைதோறும் முழங்கிவிட்டு, கடைக்குத் திரும்பியவுடன் கங்காணியாகிவிடுகிறோம். பிறப்பினால் ஒருவன் தாழ்ந்தவனென்பது மடமையென்று கண்டோம். காகிதத்தினால் ஒருவன் தாழ்ந்தவனென்பதும் அதே மடமைதான். தொடாதே என்றது அந்தத் தீண்டாமை. பேசாதே என்கிறது இந்தத் தீண்டாமை.

அடுத்த வீட்டுக் கண்ணுக்கு இரண்டு வேலை உண்டு. 2018 பிப்ரவரியில் புக்கிட் மெர்தாஜாமில் இந்தோனேசிய வீட்டுப் பணிப்பெண் ஒருத்தி உடலெல்லாம் காயத்தோடு மீட்கப்பட்டு மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தாள். வீட்டு முன்தளத்தில் நாயோடு உறங்கவைக்கப்பட்டிருந்த அவளைப்பற்றி வெளியில் சொன்னவர்கள் அண்டை வீட்டார். முதலாளியம்மாள்மீது தொடுத்த கொலை வழக்கு, மேல்முறையீடுகளுக்குப் பின் 2022-இல் விடுதலையில் முடிந்தது. அண்டை வீட்டார் சொன்ன அந்த வார்த்தை இன்னும் சில நாள் முன்னதாக வந்திருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கலாம். நமது கண்ணும் வாயும் அடிபடுகிறவளைக் காப்பாற்றவா, ஒளிந்திருக்கிறவனைக் காட்டிக்கொடுக்கவா? எதற்கென்று ஒவ்வொரு தெருவும் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

சர்க்காரை நாம் கேட்பது இவை. பெர்மிட்டை ஒரு முதலாளியின் பெயரோடு கட்டுவதை விட்டு, தொழிலாளி முறையாக வேலை மாற வழி செய்யுங்கள். கடப்பிதழைப் பூட்டியவனையும் ஏமாற்றிய ஏஜெண்டையும் முதலில் கூண்டில் நிறுத்துங்கள். கூலி பாக்கி தீருமுன் ஒருவனையும் நாடு கடத்தாதீர்கள். நோயாளியைக் காட்டிக்கொடுக்கும் வேலையை டாக்டருக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளைகளை முகாமில் அடைக்காதீர்கள். குடியிருப்புகளை நள்ளிரவில் முற்றுகையிடுவதை நிறுத்துங்கள்.

தமிழ்த் தோழர்களை நாம் கேட்பது இன்னும் எளிது. உங்களிடம் பிறர் கடப்பிதழ் இருந்தால் இன்றே திருப்பிக் கொடுங்கள். கூலியை மாதம் தவறாமல் கொடுங்கள். சண்டைக்கும் பாக்கிக்கும் பழிவாங்க இலாகாவுக்குத் தகவல் சொல்லும் ஈனத் தொழிலை வெறுங்கள். சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும், சம்பளம் மறுக்கப்பட்டவன் வந்தால், அவன் எந்த நாட்டானாயினும், தொழிலாளர் இலாகாவுக்கு மனு எழுதிக் கொடுக்க ஓர் ஆளை ஏற்படுத்துங்கள்.

1929 டிசம்பரில் பெரியார் ஈ. வெ. ரா. பினாங்கில் வந்திறங்கியபோது அவரை வரவேற்கத் திரண்டவர்கள் சுயமரியாதை என்ற சொல்லைத் தங்கள் சொத்தாக்கிக்கொண்டனர். பிறன் குந்தவைக்கப்படுவதைப் பார்த்து மகிழ்கிறவனுக்கு அச்சொத்தில் பங்கில்லை. தன் மானமும் அடுத்தவன் மானமும் ஒன்றென்று கண்டவனே அதற்கு வாரிசு.