பாட்டில் வரும் ‘நான்’

2025 அக்டோபரில் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில் எங்கள் ஊர்க்காரர் தோற்றுப் போனார். டொராண்டோவின் டிரேக்கைத்தான் சொல்கிறேன். கென்ட்ரிக் லமார் 2024 மே மாதம் வெளியிட்ட ‘நாட் லைக் அஸ்’ பாட்டு அவரை மிகக் கேவலமாக ஏசுகிறது. அதைப் பரப்பியதற்காக யுனிவர்சல் மியூசிக் நிறுவனத்தின் மேல் அவதூறு வழக்குப் போட்டிருந்தார். வசைப்பாட்டை யாரும் நடந்த உண்மை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அது மிகைப்படுத்திய கருத்துதான் என்று நீதிபதி வழக்கைத் தள்ளிவிட்டார். டிரேக் மேல்முறையீட்டுக்குப் போனார்.

எனக்குத் தீர்ப்பு சரியாகவே படுகிறது. நமக்கு இது புதிதும் இல்லை. பகைவரை முறியடிக்காவிட்டால் இன்னின்ன பழி என்னைச் சேரட்டும் என்று பாண்டியன் நெடுஞ்செழியன் புறநானூற்றில் சூளுரைக்கிறான். வஞ்சினக் காஞ்சி என்று அதற்கு ஒரு துறையே உண்டு. (அவன் நிஜமாகவே போருக்குப் போனான் என்பது வேறு விஷயம்.)

ஆனால் இந்தச் சலுகை எல்லோருக்கும் கிடைக்கிறதா? 2009இல் டொராண்டோவில் நடந்த ஒரு கொலை வழக்கில், குற்றம்சாட்டப்பட்டவரின் ராப் வரிகளை அரசுத் தரப்பு ஜூரியின் முன் வைத்தது. போலீசிடம் வாய் திறக்கக்கூடாது என்பது அந்த வரிகளின் பொருள். காட்டிக்கொடுத்தவரைப் பழிவாங்கிய கொலை என்பது அரசுத் தரப்பின் வாதம். அந்த வரிகளைச் சாட்சியமாக ஏற்றது சரியே என்று ஒண்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. கோடீஸ்வரர்கள் ஏசிக்கொண்டால் கருத்து, அடுக்குமாடிக் குடியிருப்புப் பையன் பாடினால் வாக்குமூலம்!

இந்தப் பையன்கள் ஆல்பம் செய்கிற விதத்தைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஸ்கார்பரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் நான் பார்த்த ஸ்டூடியோ, துணி அலமாரிக்குள் கம்பளி தொங்கவிட்ட ஒரு மூலை. ஒரு மைக், ஒரு லேப்டாப், எஃப்எல் ஸ்டூடியோ மென்பொருள். தாளத்தை இணையத்தில் வாடகைக்கு எடுக்கிறார்கள். அதே தாளத்தின் மேல் வேறு ஊரில் இன்னொருவனும் பாடிக்கொண்டிருப்பான். டிஸ்ட்ரோகிட் மாதிரி ஒரு நிறுவனத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டினால் பாட்டு உலகம் முழுக்கப் போய்விடும். பணம் வருவதுதான் கஷ்டம். 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை காசு தருவதில்லை. கணினி நிரல் எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் ஒரு மரியாதை உண்டு. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், பாட்டும் அவனுக்கே சொந்தம்.

அங்கேதான் சிக்கலும். எழுதியவன், பாடியவன், தயாரித்தவன், வெளியிட்டவன் எல்லாம் ஒரே ஆள். 1989இல் என்.டபிள்யூ.ஏ. குழுவின் பாட்டைக் கண்டித்து எஃப்.பி.ஐ. எழுதிய கடிதம் பிரையாரிட்டி ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துக்குத்தான் போனது. நடுவில் ஒரு நிறுவனம், அதற்கு வக்கீல்கள். கடிதமே விளம்பரமாகவும் ஆகிவிட்டது. பேஸ்மென்டுப் பையனுக்கு நடுவில் யாருமில்லை.

எல்லாம் வெறும் கற்பனை என்று நான் வாதாட வரவில்லை. ரீஜன்ட் பார்க்கிலிருந்து வந்த ஸ்மோக் டாக் 2018 ஜூன் 30 அன்று குவீன் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 21. அவருடைய ஆல்பம் அந்த நவம்பரில்தான் வெளிவந்தது. பாட்டும் தெருவும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. எது பாட்டு, எது தெரு என்று யார் பிரித்துச் சொல்வது என்பதே கேள்வி.

நமக்கும் இதில் பங்கு உண்டு. 1990களில் வி.வி.டி., ஏ.கே. கண்ணன் என்ற இரண்டு தமிழ்க் கும்பல்கள் இங்கே மோதிக்கொண்டன. 2001 அக்டோபரில் போலீஸ் சுமார் ஐம்பது பேரை நாடுகடத்துவதற்காகக் கைது செய்தது. கோயிலிலும் கல்யாண மண்டபத்திலும் இன்று யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. ஷான் வின்சென்ட் டி போல் ‘மேட் இன் ஜாஃப்னா’ என்று 2021இல் ஆல்பம் போட்டபோது பெருமைப்பட்டோம். யுத்தமும் அகதி வாழ்வும் சொல்லிக்கொள்ளக்கூடிய கதைகள். ஸ்கார்பரோ தெருச்சண்டையை ஒருவன் பாட வந்தால், இந்த இசையின் மரபுப்படி ‘நான் செய்தேன்’ என்று தன்மையில்தான் பாடியாக வேண்டும்.

அப்படிப் பாடியவன் நாளை ஒரு வழக்கில் மாட்டினால்? பாடல் வரிகள் ஜூரியின் மனத்தைக் கெடுக்கக்கூடும் என்பதை நீதிபதி முதலில் எடைபோட வேண்டும் என்று கலிபோர்னியாவில் 2023 ஜனவரி முதல் தனிச்சட்டமே இருக்கிறது. கனடாவில் பொதுவான சாட்சிய விதிகள்தான். கொச்சைக்குப் பொருள் சொல்ல ஒரு போலீஸ் அதிகாரியே நிபுணராகக் கூண்டேறலாம். பாட்டு தமிழில் இருந்தால் கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளரும் வருவார். ‘தோலை உரிச்சிடுவேன்’ என்று நம் வீடுகளில் அம்மாக்கள் தினமும் சொல்வதை அவர் ஜூரிக்கு ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வார்?