எட்டு போடுவதற்கு முன்பே பழகிவிடும் கை

நைனார்பாளையம் பக்கத்துக் கிராமங்களில் பையன்கள் வண்டி பழகப் பதினெட்டு வயதுவரை காத்திருப்பதில்லை. எட்டாவது, ஒன்பதாவது படிக்கும்போதே அப்பாவின் டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டில் தீவன மூட்டையைக் காட்டுக்கும் பால் கேனைச் சொசைட்டிக்கும் கொண்டுபோகத் தொடங்கிவிடுகிறார்கள். பிள்ளை கைக்கு உதவியாக இருக்கிறான் என்று வீட்டில் பெருமைப்படுகிறார்கள். பிற்பாடு அவன் ஆர்டிஓ அலுவலகத்தில் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கும்போது, ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவதும், இரண்டு பேரைப் பின்னால் ஏற்றுவதும், ஒரு கையில் போனைப் பிடிப்பதும் ஊறிப்போயிருக்கும். அந்தத் தேர்வு அவனுடைய பேலன்ஸைப் பார்க்கிறது. பழக்கத்தைப் பார்ப்பதில்லை.

சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவுப்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ மூன்றாண்டு வரை சிறை செல்ல நேரிடும். 25,000 ரூபாய் அபராதம் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. ஆனாலும் 2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய சொகுசுக் கார் இரண்டு இளம் பொறியாளர்களைக் கொன்றது. விபத்தைப் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுதச் சொல்லி அவனுக்கு முதலில் ஜாமீன் கொடுத்ததும் நாடே கொதித்தது. கொதிப்பு நியாயமானது. ஆனால் தண்டனையைப் பற்றிப் பேசிய அளவுக்கு, பதினெட்டுக்கு முன் இந்தப் பிள்ளைகளுக்குச் சாலையை யார் கற்றுத்தருவது என்று நாம் பேசவில்லை.

சட்டத்தில் ஒரு சிறு வாசல் இருந்தது. 50 சிசிக்கு மேற்படாத வண்டியைப் பதினாறு வயதில் லைசென்ஸ் எடுத்து ஓட்டலாம். 1980-இல் வந்த டிவிஎஸ் 50 அந்த வரம்புக்குள் அடங்கியது. இன்றைய எக்ஸ்எல் 100-இன் எஞ்சின் 99.7 சிசி, ஸ்கூட்டர்கள் 110, 125. விதி ஏட்டில் இருக்கிறது, அதற்கேற்ற வண்டி கடையில் இல்லை. வாசலை மறுபடி அகலப்படுத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இங்குள்ள சாலைகள் பதினாறு வயதுக்கு ஏற்றவை அல்ல. அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையை மக்காச்சோளம் அடைத்துக்கொள்ளும். பின்விளக்கோ ஒளிரும் பட்டையோ இல்லாமல் கரும்பு டிராக்டர் இருட்டில் நின்றிருக்கும். சின்னசேலம் போனால் சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை. அந்த நான்கு வழிச்சாலை, புறவழிச்சாலைகளில் இரண்டு வழியாகக் குறுகிய இடங்களில் எத்தனையோ உயிர் போயிருக்கிறது. விடுமுறை நாளில் பையன்கள் கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறுகிறார்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் மலை இறங்கும்போது எஞ்சின் வேகத்தை அவ்வளவாகப் பிடித்துக் கொடுக்காது. விடாமல் பிரேக் பிடித்தால் அது சூடாகிப் பிடிமானம் இழக்கும். மலைக்குப் போகும் எத்தனை பையன்களுக்கு இது தெரியும்?

2022-இல் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். உயிரிழந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுவதும் அந்த ஆண்டு சாலையில் இறந்தவர்களில் நூற்றுக்கு நாற்பத்துநான்கு பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள்.

கற்றுக்கொடுக்க நல்ல இடம் ஒன்று நம்மிடமே இருக்கிறது. பதினோராம் வகுப்பில் அரசு விலையில்லா மிதிவண்டி தருகிறது. பல வீடுகளில் பிள்ளையின் பெயருக்கு வரும் முதல் வண்டி அதுதான். அதைக் கொடுக்கும் வாரத்திலேயே பள்ளிக்கு எதிரில் உள்ள சாலையில் வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம்: கிளைச்சாலையிலிருந்து பெரிய சாலையில் ஏறுமுன் நிற்பது, திரும்புமுன் பின்னால் பார்ப்பது, பேருந்தை எந்தப் பக்கம் கடப்பது, இரவில் நம்மை அடுத்தவர் கண்ணுக்குத் தெரியவைப்பது. பெடலை மிதிக்கும்போது படிந்த பழக்கம் ஆக்ஸிலேட்டரைத் திருகும்போதும் கூட வரும்.

பதினெட்டு முடிந்ததும் முழுச் சாலையையும் ஒரே நாளில் திறந்துவிடுவதும் தவறு. நியூசிலாந்து 1987-லேயே லைசென்ஸைப் படிப்படியாகக் கொடுக்கத் தொடங்கியது. நடுப்படியில் இருப்பவர், அனுபவமுள்ளவர் கூட இல்லாமல் இரவு பத்து மணிக்கு மேல் ஓட்டக் கூடாது, நண்பர்களை ஏற்றக் கூடாது. இளைஞர்களின் விபத்துகள் இரவிலும் கூட்டாளிகள் உடனிருக்கும்போதும் கூடுகின்றன என்பதால் வந்த ஏற்பாடு அது. நம் விதியும், எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) வைத்திருப்பவர் பைக்கில் கற்றுத்தருபவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது என்கிறது. ஆனால் முப்பது நாள் கழித்து எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கிவிட்டால் அந்தக் கட்டுப்பாடு முடிந்துவிடுகிறது. அதை ஓராண்டாக நீட்டினாலே பல உயிர் மிஞ்சும்.

அரசு செய்யும்வரை வீடு காத்திருக்க வேண்டியதில்லை. ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்கின் மேல் வைத்துக்கொண்டு போகும் அப்பாவைப் பார்த்து வளரும் பிள்ளைக்குப் போலீஸ் அபராதம் எதையும் கற்றுத்தராது. பெற்றோரே, பதினெட்டு ஆகும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள். ஆன பிறகும் முதல் ஓராண்டு, பகலில், தனியாக, ஹெல்மெட்டோடு மட்டும் அனுப்புங்கள். பால் கேனை அதுவரை நீங்களே கொண்டுபோங்கள்.