மூடுபனிக்குள் முகம் மறையலாகாது

வானத்து மேகம் தரைக்கு இறங்கினால் அதை மூடுபனி என்கிறோம். கணினி உலகிலும் அதுவே நடந்திருக்கிறது. தொலைதூரத் தரவு மையங்களில் நடந்துவந்த கணக்கு வேலை, இன்று ஆலைக்குள்ளேயே, இயந்திரத்துக்கு அருகிலேயே வைக்கப்படும் சிறு கணினிப் பெட்டிகளுக்கு இறங்கி வருகிறது. சிஸ்கோ நிறுவன ஆய்வாளர்கள் 2012-இல் 'ஃபாக் கம்ப்யூட்டிங்' என்று விளக்கிய இம்முறையை, மூடுபனிக் கணிமை என்போம்.

வல்லம் வடகால் போன்ற தொழிற்பேட்டைகளுக்கு இது தேவையா? தேவைதான். ஓடும் பட்டையில் வரும் பாகம் பழுதா என்று கேமரா பார்த்த மாத்திரத்தில் சொல்லியாக வேண்டும். செய்தி வெளியூர் போய்த் திரும்பும்வரை பட்டை காத்து நிற்குமா? இணையத் தொடர்பு அறுந்தால் வேலையை நிறுத்துவதா? எனவே, அருகிலேயே முடிவெடுக்கும் ஏற்பாட்டை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் கணக்கு இறங்கி வந்ததுபோல் பொறுப்பும் இறங்கி வந்திருக்கிறதா? அதுதான் நமது கேள்வி.

ஒரு பெரும் மையத்தைக் காப்பது கோட்டையைக் காப்பது போன்றது. சிதறிக் கிடக்கும் பெட்டிகளைக் காப்பதோ, கதவில்லாத ஊரைக் காப்பது போன்றது. எந்த வேலையை அருகில் முடிப்பது, எதை மேலே அனுப்புவது, ஒரு பெட்டி நின்றால் அதன் சுமையை எது ஏற்பது, தானியங்கி வண்டி ஓர் எல்லையிலிருந்து மறு எல்லைக்குப் போகும்போது கணக்கைக் கைமாற்றுவது எப்படி — இத்தனையும் நிர்வாகம். அதில் அசட்டை கூடாது. 2016-இல் 'மிராய்' என்னும் நச்சு நிரல், மாற்றப்படாத கடவுச்சொற்களைக் கொண்டே எண்ணற்ற கேமராக்களையும் ரூட்டர்களையும் கைப்பற்றி, அமெரிக்காவில் பெரும் இணையதளங்களைத் திணறடித்ததை மறக்கலாமா?

இன்னொன்றும் உண்டு. பாகத்தைப் பார்க்கும் கேமரா, அதைப் பிடித்த கையையும் பார்க்கும்! வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் குடியிருப்பில் மட்டும் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க இடமுண்டு. அந்தச் சகோதரிகளின் கைவேகத்தையும் ஓய்வு நேரத்தையும் ஒரு பெட்டி குறித்துவைத்தால், அதை அவர்கள் அறிய வேண்டாமா? 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, வேலை தொடர்பான காரியங்களுக்கு ஒப்புதலின்றியே விவரங்களைக் கையாள இடம் வைத்திருக்கிறது. ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை என்றால், சொல்லவும் வேண்டியதில்லை என்று பொருளா?

நாம் வற்புறுத்துவது மூன்று. பெட்டி எதைப் பதிகிறது, எத்தனை நாள் வைக்கிறது, யார் பார்க்கிறார்கள் என்பதை ஆலை அறிவிப்புப் பலகையில் தமிழில் எழுதுக. பெட்டியின் சொல்லை மட்டும் கொண்டு எவர் கூலியிலும் கைவைக்காதீர். அவற்றைப் பராமரிக்கும் வேலையை, காஞ்சிபுரம் மாவட்ட ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் இளைஞர்களுக்குக் கற்றுத்தந்து, அவர்களிடமே ஒப்படையுங்கள்.

மூடுபனியில் வண்டி ஓட்டுவோர் விளக்கேற்றிக்கொள்கிறார்கள். ஆலை முதலாளிகளும் ஆட்சியாளரும் அந்த விளக்கை இப்போதே ஏற்றட்டும்!