கேள்வி யாரை நோக்கி?

ரோஜர் வாட்டர்ஸின் 'அம்யூஸ்டு டு டெத்' பற்றி எந்த நண்பரோடு பேசினாலும் பேச்சு ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது: கடவுளையே கேள்வி கேட்டுவிட்டான் மனுஷன். 1992-ல் வெளிவந்த இசைத்தட்டு. முப்பது வருஷங்களுக்குப் பிறகும் அதே பாராட்டு. கேள்வி யாரிடம் கேட்கப்பட்டது, அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று ஒருவரும் மேற்கொண்டு யோசிப்பதாகத் தெரியவில்லை. 'நம்பிக்கைகளைக் கேள்விக்குள்ளாக்குகிறது' என்று ஒரு சான்றிதழ் கொடுத்துவிட்டால் நம் விமர்சனக் கடமை தீர்ந்தது.

நண்பர்கள் காட்டும் சாட்சி 'வாட் காட் வான்ட்ஸ்' என்ற பாட்டு. மூன்று பாகங்கள். கடவுளுக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு பட்டியல். ஒன்றுக்கொன்று முரணானவை எல்லாம் அதில் உண்டு. 1991 வளைகுடா யுத்தத்தில் இரண்டு தரப்பும் கடவுளைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டன, அமெரிக்க டி.வி. பிரசங்கிகள் கடவுள் பெயரில் வசூல் நடத்தினார்கள். அவர்கள் மேல் கேலி. கேலி நன்றாகவே இருக்கிறது. ஆனால் இந்தத் தட்டைக் காசு கொடுத்து வாங்கிய எவனும் அநேகமாக அந்தப் பிரசங்கிக்குக் காணிக்கை அனுப்பியவனல்ல. தான் ஏற்கனவே நம்பாத ஒன்றை இன்னொருவன் உரக்கத் திட்டக் கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது. பக்தனுக்கும் பஜனையில் கிடைப்பது இதுதான். ஜெஃப் பெக்கின் கிட்டார் மட்டும் இல்லாவிட்டால் இதை மேடைப் பேச்சு என்றே தள்ளியிருப்பேன். வார்த்தைகளில் இல்லாத தயக்கம் அந்தக் கிட்டாரில் இருக்கிறது. (இன்னொரு பாட்டில் ஆண்ட்ரூ லாய்ட் வெப்பரின் விரல்கள் மேல் பியானோ மூடி விழவேண்டும் என்று ஆசைப்படுகிறார் வாட்டர்ஸ். கடவுளும் லாய்ட் வெப்பரும் ஒரே கூண்டில்.)

யுத்தத்தைப் பற்றிய பாட்டுகள் இதைவிட மேல். 'பர்ஃபெக்ட் சென்ஸ்' இரண்டாம் பாகத்தில் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று எண்ணெய்க் கிணற்று மேடையைத் தாக்குகிறது. அமெரிக்க விளையாட்டு வர்ணனையாளர் மார்வ் ஆல்பர்ட் பந்தாட்டத்தை வர்ணிப்பதுபோல் அதை வர்ணிக்கிறார், கூட்டம் கோஷ்டியாகப் பாடுகிறது. கேட்கிற நமக்கும் கூடச் சேர்ந்து பாடத் தோன்றுகிறது. அந்த ஒரு கணம் நாமும் மாட்டிக்கொள்கிறோம். ஆனால் எட்டாத தூரத்தில் நின்று காட்டும் வீரத்தைப் பழிக்கிற அடுத்த பாட்டு வந்ததும் வாட்டர்ஸ் பழையபடி நீதிபதி ஆசனத்தில் ஏறிக்கொள்கிறார். எட்டாத தூரத்தில் இருந்தது அவரும்தான் என்ற எண்ணம் அங்கே வரவில்லை.

தலைப்பு நீல் போஸ்ட்மன் 1985-ல் எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது. டி.வி.யில் குப்பை வருகிறது என்பதல்ல போஸ்ட்மனின் புகார். குப்பையால் பெரிய கெடுதல் இல்லை. அரசியல், மதம், கல்வி என்று கனமானவற்றைக் கையில் எடுக்கும்போதுதான் டி.வி. ஆபத்தாகிறது, ஏனென்றால் அது தொட்டதெல்லாம் கேளிக்கையாகிவிடும் என்கிறார். வாட்டர்ஸ் இதை அப்படியே வேதமாக எடுத்துக்கொண்டார். கடைசிப் பாட்டில் வேற்றுக்கிரகத்து ஆய்வாளர்கள் வந்து பார்க்கிறார்கள். மனித இனம் டி.வி. பெட்டிகளைச் சுற்றிச் செத்துக் கிடக்கிறது. அட்டையில் டி.வி. பார்க்கும் குரங்கு. இதையெல்லாம் சொல்ல அவர் கையாண்டது க்யூசவுண்ட் என்ற ஒலிநுட்பம்: அடுத்த வீட்டு நாய் குரைப்பதுபோல் ஒலிபெருக்கிக்கு வெளியே எங்கிருந்தோ சத்தம் வரும். திரும்பிப் பார்க்காதவர் இல்லை. கேளிக்கையைக் கண்டிக்க இதைவிட நல்ல கேளிக்கை கிடைக்காது.

இருந்தும் இந்தத் தட்டை நான் தூக்கிப் போடவில்லை. காரணம் ஆல்ஃப் ராஸெல்.

முதல் உலக யுத்தத்தில் ராயல் ஃப்யூசிலியர்ஸ் படையில் இருந்த சிப்பாய். தட்டு அவர் குரலில்தான் தொடங்குகிறது. கிழக்குரல், அவசரமில்லாத பேச்சு. காயம்பட்டுக் கிடந்த பில் ஹப்பர்டைத் தூக்கிக்கொண்டு நடந்தது, வலி தாங்காமல் அவன் இறக்கிவிடச் சொல்லிக் கெஞ்சியது, இரு தரப்புக்கும் நடுவிலிருந்த சூனியப் பிரதேசத்தில் அவனை விட்டுவிட்டு வந்தது. அவ்வளவுதான். கடவுள் இல்லை, எதிரி இல்லை, பட்டியல் இல்லை. தன்னைத் தவிர வேறு யாரையும் அவர் விசாரிக்கவில்லை.

நண்பர்கள் கவனிக்காத விஷயம், இந்தக் குரல் பி.பி.சி. ஆவணப்படம் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது என்பது. போஸ்ட்மன் எதை ஆபத்து என்றாரோ அதே டி.வி., அதே கனமான விஷயம். ஆனால் ராஸெல் கேளிக்கையாகவில்லை. அவர் பேசி முடித்ததும், யுத்தம் பார்க்கப் பிடிக்கும் என்று வேறொரு குரல் சொல்கிறது, யாரோ சானல் மாற்றுகிறார்கள்; அப்போதும் ஆகவில்லை. இந்தத் தட்டில் உண்மையிலேயே கேள்விக்குள்ளாகும் நம்பிக்கை தட்டின் சொந்த நம்பிக்கைதான். வாட்டர்ஸ் இதை உணர்ந்து செய்தாரா? எனக்கு நிச்சயமில்லை. அவருடைய தகப்பனார் அதே ராயல் ஃப்யூசிலியர்ஸ் படையில் இருந்து 1944-ல் இத்தாலியில் ஆன்ஸியோவில் செத்தவர். மகனுக்கு அப்போது ஐந்து மாதம். கொள்கை அங்கே அவர் கையைவிட்டுப் போயிருக்கலாம். 2015-ல் தட்டை மறுபடி கலவை செய்து வெளியிட்டபோது அட்டையில் குரங்கு போய்க் குழந்தை வந்தது. ராஸெலின் குரலுக்கு மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை.

ராஸெல் கடைசியில் ஒருமுறை திரும்ப வருகிறார். எத்தனையோ வருஷம் கழித்து, காணாமல் போனவர்களுக்கு ஆராஸில் எழுப்பிய நினைவுச் சுவரின் முன் நிற்கிறார். அங்கே ஏறக்குறைய 35,000 பெயர்கள். அவற்றில் பில் ஹப்பர்டின் பெயரைக் கண்டுபிடிக்கிறார். கனவில் வந்து பயமுறுத்திக்கொண்டிருந்தவன் அன்றுதான் மறுபடி மனிதனானான் என்கிறார், மனசு கொஞ்சம் லேசானதாம்.