கும்பிட்டால் பிறக்கும் சாமி

கற்பனை உலகங்களைக் கட்டிப் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகள் பலவற்றில் ஒரு விதி உண்டு. கும்பிட ஆள் இருந்தால்தான் சாமி. ஆள் கூடினால் பலம் கூடும், குறைந்தால் தேயும். டெர்ரி பிராட்செட் 1992-இல் எழுதிய ‘ஸ்மால் காட்ஸ்’ நாவலில், உண்மையாக நம்புகிறவன் ஒருவனே மிஞ்சியதால் பெருந்தெய்வம் ஆமையாகச் சுருங்கிப்போகிறது.

இத்தகைய ஆட்டங்களை உருவாக்கும் நம் இளைஞர்கள் கிரேக்கத்துக்கும் வட ஐரோப்பாவுக்கும் போகுமுன் மலேசியாவில் கோலா சாவா, ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களுக்குள் ஒரு நடை போய்வர வேண்டும். சாமி உண்டாகும் முறையை நம்மவர்கள் வெகு காலம் முன்பே வகுத்துவிட்டார்கள். போரில் விழுந்தவனுக்குக் கல்லைத் தேடிக் காண்பது, எடுப்பது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என்று தொல்காப்பியம் ஆறு படிகள் சொல்கிறது. கண்ணகிக்குச் சேரன் செங்குட்டுவன் கல் எடுத்ததும் இந்த வரிசையில்தான்.

கங்காணிகளோடு கப்பலேறி வந்தவர்களுக்கு இங்கே வாய்த்தது மலேரியாவும் பாம்பும் புலியும் கிடந்த காடு. இருட்டு விலகுமுன் ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவருக்குத் துணை வேண்டும். மரத்தடியில் கல் நட்டார்கள், சூலம் ஊன்றினார்கள், முனியாண்டி வந்தார். சுருட்டும் சாராயமும் கிடாவும் கேட்டார். உழைத்துக் களைத்த மனிதன் விரும்பியதையே சாமியும் விரும்பியது. கும்பிட்டவரின் வாழ்க்கை சாமியின் குணத்தில் இப்படி ஏறியிருப்பதைப் போல அழகான வடிவமைப்பை நாங்கள் எந்த ஆட்டத்திலும் பார்த்ததில்லை.

இந்த மண்ணுக்கு முன்பே காவல் இருந்த டத்தோவையும் நம்மவர்கள் விடவில்லை. சீனர்கள் சிவப்பு மாடத்தில் வைத்து வணங்கும் அந்த மலாய்க் காவலருக்குப் பன்றி இறைச்சி படைக்கக்கூடாது. தமிழர் கோயில்கள் சிலவற்றிலும் அவருக்கு இடம் உண்டு. இனம் தாண்டிக் கும்பிடும் சாமிக்குச் சாப்பாட்டு விதி தனி!

ஆகவே, ஆட்களை எண்ணிப் பலத்தை அளக்கும் விதியை நாங்கள் ஏற்கவில்லை. ஒரே ஒரு தொழிலாளர் லயத்தார் கும்பிட்ட முனி எந்தப் பெருந்தெய்வத்துக்கும் இளைத்தவர் அல்லர். அவர் பலம் கொடுத்த வாக்கில் இருந்தது. நான் காப்பேன், நீ படைப்பாய், எல்லை இதுவரை. நேர்த்திக்கடன் என்பது இருபக்கமும் கட்டுப்பட்ட பேச்சு.

கும்பிடும் முறை மாறினால் சாமியும் மாறும். 1965-இல் தோன்றிய மலேசிய இந்து சங்கமும் பிற சீர்திருத்தக்காரர்களும் உயிர்ப்பலியை விடச் சொன்னார்கள். பல இடங்களில் முனி சைவமானார், கோபுரம் பெற்றார், சிவனின் அம்சமானார். கிடா தப்பியது நல்லதே. ஆனால் சுருட்டுப் பிடித்த காவல்காரரின் முகம் அந்தக் கும்பாபிஷேகங்களில் கரைந்துபோனது எங்களுக்குப் பெரிய இழப்பு.

அதைவிடப் பெரிய சிக்கல் நிலம். பால்மரம் செம்பனையானது, செம்பனை ‘தாமான்’ என்ற குடியிருப்பு ஆகிறது. கம்பெனி நிலத்தில் எழுந்த கோயில்கள் பலவற்றுக்குப் பட்டா இல்லை. சீஃபீல்ட் மாரியம்மன் கோயிலை இடம் மாற்றும் பூசல் 2018 நவம்பரில் கலவரமாக வெடித்ததை நாடே பார்த்தது. தோட்டத்தை விட்டுப் போன குடும்பங்கள் திருவிழாவுக்கு மட்டும் பழைய தோட்டத்துக்குத் திரும்புகின்றன. ஆள் போனதும் தேய்ந்து மறையும் சாமியை வரைகிற இளைஞர் இதற்கும் ஒரு விதி எழுதட்டும்: எல்லையைக் காப்பதாக வாக்குக் கொடுத்த சாமி, அந்த எல்லையே விற்கப்பட்டபின் யாருடன் போக வேண்டும்?