கார்புரேட்டருக்கு அடியில் ஒரு தகடு

தாராவியில் எங்கள் சந்தில் வசிக்கும் அண்ணாச்சி ஒருவர், பல்லாண்டுகள் பிரீமியர் பத்மினி டாக்ஸி ஓட்டியவர். மும்பைச் சாலைகளில் டாக்ஸியாக ஓடிய கடைசிப் பத்மினிக்கு 2023 அக்டோபரில் விடை கொடுத்தாயிற்று. இன்று அவரிடம் இருப்பது, கார்புரேட்டர் பொருத்திய பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றே. வெயிலில் நின்றால் அது மறுபடி கிளம்ப மறுக்கிறது.

சென்ற மாதம் ஒரு கடைக்காரர், "இந்த அலுமினிய ஸ்பேசரை மாட்டுங்கள்; வண்டி பறக்கும்" என்றாராம். விலை இரண்டாயிரம் ரூபாய். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒதுக்கிய பணத்தில் கைவைக்கலாமா என்று அண்ணாச்சி என்னிடம் வந்தார். ரயில்வே குமாஸ்தாவுக்குச் சகலமும் தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை! நானும் பட்டறை நண்பர் ஒருவரிடம் கேட்டறிந்தேன். அன்பர்களுக்கும் அது பயன்படக்கூடும்.

ஸ்பேசர் என்பது கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே வைக்கும் தகடு. அதன் முதல் வேலை, உஷ்ணத்தைத் தடுப்பதே. எஞ்சினை நிறுத்தியதும் அதன் சூடு கார்புரேட்டருக்குப் பரவுகிறது. பெட்ரோலின் இலேசான பகுதிகளோ 40 டிகிரிக்குள்ளாகவே கொதிக்கத் தொடங்குபவை. இதைத் தடுக்க ஏற்றது பேக்கலைட் தகடு. அலுமினியம் அதைவிடப் பல நூறு மடங்கு சூட்டைக் கடத்தும். சூட்டைத் தடுக்க அலுமினியத்தை நாடுவது, கொதிக்கும் காபியை டபரா இல்லாமல் டம்ளரோடு பிடிப்பதற்கு ஒப்பாகும்.

வண்டியின் சக்தி கூடாதா? உள்வழி சற்று நீள்வதால் சில எஞ்சின்களில், சில வேகங்களில், சிறு மாறுதல் உண்டாகலாம். உட்புகும் காற்று 10 டிகிரி குளிர்ந்தால்கூட அதன் அடர்த்தி ஏறக்குறைய 3 சதவீதமே கூடும். அத்தனை குளிர்ச்சியைத் தகட்டிடம் எதிர்பார்ப்பதற்கில்லை. மாறாக, இணைப்பில் நூலளவு இடைவெளி விழுந்தாலும் வெளிக்காற்று புகுந்து, எஞ்சின் தடுமாறும். சி.என்.ஜி.யில் ஓடும் வண்டிக்கோ இந்தத் தகட்டால் பயனில்லை; அங்கே எரிபொருளே வாயு, கொதிப்பதற்கு ஏது?

நிற்க. அண்ணாச்சியின் வண்டியைக் கழற்றிப் பார்த்தபோது, கம்பெனி வைத்த பேக்கலைட் தகடு உள்ளேயே இருந்தது. அதன் ரப்பர் வளையந்தான் நைந்திருந்தது. மாற்றுவதற்கு ஐம்பது ரூபாய் செலவாயிற்று. கட்டணமும் குறித்த நாளில் கட்டப்பட்டது.

பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களே, புதிய உதிரியை விலை பேசுமுன், உள்ளே இருப்பதை ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.