அஸ்தமனத்துக்குப் பின் ஆகாயம்

வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று ஒவ்வொரு காற்றுக்கும் பெயரிட்டு, வடகடலிலும் தென்கடலிலும் அவற்றின் சுபாவத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பயின்று வந்திருக்கும் மண்டபத்து மீனவர்களின் தலைக்குமேல், சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் இன்னொரு வானிலையும் உண்டு. விசைப்படகுகளில் இன்று சர்வசாதாரணமாகிவிட்ட ஜி.பி.எஸ். கருவி அந்த வானிலையின் தயவில்தான் வழிகாட்டுகிறது.

பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிச் செல்வதால், காந்த விசைக்கோடுகள் இப்பிரதேசத்தின்மேல் ஏறக்குறைய கிடையாக, தெற்கு வடக்காகப் படிந்திருக்கின்றன. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவை ராக்கெட் ஏவுவதற்குத் தேர்ந்தெடுத்ததற்குப் பிரதான காரணமும் இதுவே. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் எழும்பியபோது, அந்தக் குழுவில் ராமேசுவரத்து அப்துல் கலாமும் இருந்தார். பேக்கரும்பிலுள்ள அவருடைய நினைவகத்துக்கு வருவோர் ராக்கெட்டை ஆர்வத்தோடு பார்க்கிறார்கள். எந்த ஆகாயத்தை ஆராய ராக்கெட் விடத் தொடங்கினோம் என்று கேட்பவர்தாம் சொற்பம்.

பகலெல்லாம் சூரியனின் புறஊதாக் கதிர்கள் மேல்வளியின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்து, மின்னூட்டத் துகள்களாலான பிளாஸ்மாவாக்குகின்றன. அஸ்தமனமானதும் அடித்தட்டிலுள்ள பிளாஸ்மா விரைவில் மறைந்துபோக, மேல்தட்டு மட்டும் அடர்த்தி குன்றாமல் நிற்கிறது. போதாக்குறைக்கு, அந்திநேரத்தில் சற்றே வலுக்கும் மின்புலம் அதை இன்னும் உயரத் தூக்குகிறது. எண்ணெயின்மேல் தண்ணீர் நின்றால் எவ்வளவு நேரம் நிற்கும்? அடர்த்தி குறைந்த பிளாஸ்மா குமிழிகளாகக் கிளம்பி, மேலிருக்கும் அடர்ந்த படலத்தைத் துளைத்துக்கொண்டு, சில இரவுகளில் 1,000 கிலோமீட்டருக்கும் மேலே சென்றுவிடுகிறது. விசைக்கோடுகளின் வழியே வடக்கிலும் தெற்கிலும் நீள்கிறது. அதன் விளிம்புகள் கிலோமீட்டர் அளவிலிருந்து மீட்டருக்கும் குறைந்த அளவுவரை சிதறுகின்றன. பெரு நாட்டு உவன்காயோவில் புக்கர், வெல்ஸ் என்னும் இருவர் இதன் அடையாளத்தை 1938-லேயே பதிவு செய்தார்கள். நம் பக்கத்திலோ, திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இந்த ஆகாயத்தை அவதானித்து வருகிறது.

இச்சிதறலின் ஊடே வரும் செயற்கைக்கோள் சமிக்ஞை நட்சத்திரத்தைப்போல் மினுக்குகிறது. மினுக்கம் மிகுந்தால் கருவி அந்தக் கோளைத் தவறவிடுகிறது. சூரியன் உக்கிரமாயிருக்கும் வருஷங்களில், பங்குனி, புரட்டாசியை ஒட்டிய மாதங்களில், இருட்டியதிலிருந்து நள்ளிரவுவரை இது அதிகம். விசித்திரம் என்னவென்றால், குமிழி பிறப்பது நம் தலைக்குமேல், ஜி.பி.எஸ். கருவிகளுக்குப் பெருந்தொல்லை நேர்வதோ, விசைக்கோடுகளின் வழியே பிளாஸ்மா போய்க் குவியும் கொல்கத்தா, ஆமதாபாத் பக்கங்களில்.

ஆகவே மிகைப்படுத்தலாகாது. இந்தப் பிளாஸ்மா படலமான அயனிமண்டலத்தால் நேரும் இடப்பிழை பெரும்பாலும் மீட்டர்க் கணக்கு. சமிக்ஞை அறுவதும் சொற்ப நேரமே. 1974, 1976 ஒப்பந்தங்களால் வகுக்கப்பட்ட இந்திய-இலங்கைக் கடல் எல்லையைப் படகுகள் கிலோமீட்டர்க் கணக்கில் தாண்டுவதற்கு ஆகாயத்தின்மேல் பழி போடுவது நியாயமாகாது; அதன் காரணங்கள் மீனிலும் கடலின் குறுகலிலும் பிழைப்பிலும் இருக்கின்றன. ஆனால் எல்லைக்கு அருகே இருட்டில் வலை இழுக்கும் படகுக்குச் சில நிமிஷத் தடுமாற்றமும் அற்பமல்ல.

பரிகாரம் எட்டாததன்று. இந்தியாவின் நாவிக் வழிகாட்டிச் செயற்கைக்கோள்களின் 2,492 மெகாஹெர்ட்ஸ் அலை, 1,176 மெகாஹெர்ட்ஸ் அலையைவிட இம்மினுக்கத்துக்குக் குறைவாகவே ஆட்படும். படகுக்கருவிகளில் அதையும் சேர்ப்பது தகும். அதுவரை, புயலுக்குப் பாம்பனில் கூண்டு ஏற்றும் அரசு, இதற்கும் ஓர் அறிவிப்பை வழக்கப்படுத்தலாம். ஏப்ரல் 15-இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம் பங்குனிப் பருவத்தின் கடைசியைத் தானாகவே கழித்துவிடுகிறது; செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், கடலுக்குப் போகும் படகுகளுக்கு மீன்வளத்துறை டோக்கன் கொடுக்கும் இடத்திலேயே, இன்றிரவு திசைகாட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும்.